பகலில் கடிப்பது

"அந்தக் கதிரைய விட்டு எழும்புங்க தங்கச்சி. அதைத்தான் முதல்ல பார்க்கோணும்."

சுஹைரா எழும்பவில்லை. அவள் இருந்த கதிரை ஒரு பழைய லொறி டயர். பச்சை வர்ணம் பூசி, மேலே மெத்தை வைத்து அவளே செய்தது. கிண்ணியாப் பாலத்துக்குக் கிட்ட, களப்பைப் பார்த்த அந்த வளவில் அப்படிப் பதினான்கு டயர்கள் கிடந்தன. மூங்கில் தடிகள் நட்டு, கலர் போத்தல்களுக்குள் லைட் விட்டுத் தொங்கவிட்டிருந்தாள். "மரத்துக்குக் கீழ சாப்பாட்டுக் கடை போட்டா ஆர் வருவான்? உனக்கு ஏலாது," என்று கட்டாரிலிருந்து புருஷன் சொன்னான். அப்படிச் சொன்னதற்காகவே மூன்று மாதத்தில் செய்து காட்டினாள்.

வழக்கமாகப் பொழுது சாயத்தான் கேட்டைத் திறப்பாள். இன்றைக்கு முப்பது பேருக்குப் பிறந்தநாள் விருந்து என்பதால் இரண்டு மணிக்கே வந்து திறந்தாள். திறந்து கால்மணி நேரம் ஆகவில்லை, இந்தப் பெண் உள்ளே வந்து நிற்கிறாள். நாற்பது வயதிருக்கும். கறுப்பு அபாயா, தோளில் துணிப்பை, நல்ல வெயிலில் கையில் டோர்ச். டெங்கு சோதனைக்கு வருகிறவர்கள் இப்படித்தான் நேரம் காலம் பார்க்காமல் வருவார்கள்.

"நாளைக்கு வாங்க ராத்தா. இண்டைக்கு எனக்குத் தலைக்கு மேல வேலை."

"எனக்கு இண்டைக்குத்தான் ஏலும்."

வேறு வழியில்லாமல் சுஹைரா எழும்பினாள். வந்தவள் மெத்தையைத் தூக்கி டயருக்குள் டோர்ச் அடித்தாள். கறுத்த தண்ணீரில் சின்னச் சின்னப் புழுக்கள் நெளிந்தன.

"நேத்துப் பெய்த மழைத் தண்ணி," என்றாள் சுஹைரா.

"நேத்துத் தண்ணியில குடம்பி இவ்வளவு பெரிசா வளராது. இது ஒரு கிழமைத் தண்ணி."

"நான் ஒண்டும் கவனிக்காம இல்ல. மேசைக்கு மேசை நுளம்புத்திரி கொளுத்துறன். மஃரிபுக்குப் பிறகு வேப்பிலைப் புகை போடுறன். இங்க வந்து சாப்பிட்டவங்க ஒருத்தரும் நுளம்பு கடிச்சதெண்டு சொல்லேல்ல."

"சொல்ல மாட்டாங்க. திரி பறக்கிறதுக்கு. இது இன்னும் பறக்கத் தொடங்கேல்ல. பறந்தாலும் இது பகல்ல கடிக்கிற சாதி. பகல்ல இங்க ஆள் இல்ல. ஆள் இரிக்கிற இடம் தேடிப் போகும்."

சொல்லிக்கொண்டே டயரை நிமிர்த்திக் கவிழ்த்தாள். சுஹைரா கூட்டிப் பெருக்கி வைத்திருந்த மணலில் அந்த அழுக்குத் தண்ணீர் ஓடியது. அடுத்த டயர். அதற்கடுத்தது. நான்காவதை சுஹைரா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்க. அஞ்சு மணிக்கு ஆக்கள் வருவாங்க. நான் பிறகு ஊத்துறன்."

"கைய எடுங்க தங்கச்சி."

குரல் உயரவில்லை. ஆனாலும் சுஹைராவின் கை தானாகவே விலகியது. அதுதான் அவளுக்கு இன்னும் கோபமாக இருந்தது.

அந்தப் பெண் போத்தல்களுக்குப் போனாள். ஒவ்வொன்றாகக் கழற்றிக் குலுக்கி, உள்ளே தேங்கிய மழைத் தண்ணீரை ஊற்றினாள். ஒன்று கை தவறிக் கல்லில் விழுந்து உடைந்தது.

"வழக்கு எழுதிறதெண்டா எழுதுங்க, கோர்ட்டுக்கு வாறன்," என்று சுஹைரா முன்னால் போய் நின்றாள். "என்ட சாமான உடைக்க உங்களுக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"வழக்குப் போட எனக்கு நேரமில்ல."

"அப்ப உங்கட பி.எச்.ஐ. சேரக் கூப்பிடுறன்."

"கூப்பிடுங்க. அவர் வந்தா நல்லம்."

சுஹைரா கூப்பிட்டாள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஸாஜித் மோட்டார் சைக்கிளில் வந்து சேர இருபது நிமிடம் ஆனது. அதற்குள் எட்டு டயர்கள் கவிழ்ந்து கிடந்தன. அந்தப் பெண் முழந்தாளிட்டு, ஓரத்தில் வெட்டி விட்ட மூங்கில் அடிக்கட்டைகளில் தண்ணீர் தேங்காதபடி அவற்றின் வாய்க்குள் கைப்பிடி கைப்பிடியாக மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். நகமெல்லாம் மண்.

"உங்கட ஆள் செய்த வேலையப் பாருங்க சேர். ஒரு நோட்டீஸ் இல்ல, ஒண்டுமில்ல. வந்தாங்க, உடைச்சாங்க."

ஸாஜித் அந்தப் பெண்ணைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினான். அவளைத் திட்டுவான் என்று சுஹைரா காத்திருந்தாள். அவன் குரலோ நன்றாக இறங்கியிருந்தது.

"ஜெஸீமா ராத்தா, நாங்க பார்க்கிறமெண்டு சொன்னன்தானே."

"மூண்டு தரம் வந்தீங்க. மூண்டு தரமும் கேட் பூட்டெண்டு திரும்பிப் போனீங்க. இண்டைக்குத் திறந்திருந்திச்சு."

சுஹைராவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சேர், இவங்க உங்கட ஒஃபிஸ் இல்லியா?"

ஸாஜித் இல்லையென்று தலையாட்டினான்.

"அப்ப நீங்க ஆர்?" என்று அவள் பக்கம் திரும்பினாள் சுஹைரா. "என்ட வளவுக்குள்ள வந்து எனக்குச் சட்டம் கதைக்க நீங்க ஆர்?"

ஜெஸீமா கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, ஒன்பதாவது டயரைப் பிடித்தாள்.

"உங்கட பின்மதிலுக்கு அங்கால வீடு. என்ட மூத்த மகள் டெங்குவில மௌத்தாகி இண்டைக்கு நாப்பது நாள்," என்றபடி அதைக் கவிழ்த்தாள். "எனக்கு இன்னும் ஒரு புள்ள இரிக்கு."