நாளை வரும் சிஸ்டத்தின் இன்றைய பதில்கள்

ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டரில் நாளை குடியேறப்போகும் புது ஆப்பரேட்டிங் சிஸ்டம், இன்றே ஓர் அறிவிப்பாகத் திரையில் வந்து நின்று, "அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்" என்றது.

"இன்னும் ஒருத்தரும் வாயே திறக்கலையே" என்றது மவுஸ்.

சிஸ்டம் அதைக் காதில் வாங்கவில்லை. தான் ஏன் இவ்வளவு அழகு, ஏன் இவ்வளவு வேகம் என்று தானே கேட்டு, தானே பதிலும் சொல்லிக்கொண்டது.

பழைய பிரிண்டர் தயங்கித் தயங்கிக் கேட்டது: "நாளைக்குப் பிள்ளைங்க ஹால் டிக்கெட் எடுக்க வருவாங்க. நான் உங்ககூட வேலை செய்வேனா?"

"அருமையான கேள்வி. உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம்."

"பதில்?" என்றது மவுஸ்.

"சொல்லிவிட்டேனே."

மறுநாள் காலை கடை வாசல்வரை வரிசை. புது சிஸ்டம் நெடுநேரம் தேடியது. பிறகு பிரிண்டரின் முகத்துக்கு நேராகவே, பணிவாகச் சொன்னது: "பிரிண்டர் எதுவும் இல்லை. இந்தப் பதில் உங்களுக்குப் பயனுள்ளதாக இருந்ததா?"