பம்பில் ஒன்று

அன்செல்மோ இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தான். யாரும் வரவில்லை.

சுற்றிலும் எல்லா மேசைகளிலும் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு ஆவி பறந்துகொண்டிருந்தது. மாட்டிறைச்சி ரோஸ்ட், பக்கத்தில் கிண்ணம்போல் உப்பிய யார்க்‌ஷர் புட்டிங், அதற்குள் தளும்பும் கிரேவி.

அவன் முன்னால் மட்டும் வெறும் மேசை.

எங்கள் ஊர் பப்பில் யாரும் மேசைக்கு வந்து என்ன வேண்டும் என்று கேட்க மாட்டார்கள். நாம்தான் எழுந்து, பீர் ஊற்றிக் கொடுக்கும் நீள மேடையான பாருக்குப் போய்ச் சொல்ல வேண்டும். அங்கே வரிசை என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யாருக்கு அடுத்து யார் என்பது சாய்ந்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரியும். முறை வந்ததும் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தால், தட்டு மட்டும் பின்னாலேயே வரும்.

இதை எங்களுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அதனால் வெளியூர்க்காரருக்குச் சொல்ல வேண்டும் என்றும் எங்களுக்குத் தோன்றுவதில்லை. ஒருவன் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அப்படி இருக்கத்தான் அவனுக்குப் பிடிக்கிறது என்று நினைத்துக்கொள்வோம். தொந்தரவு செய்யாமல் விடுவதுதான் மரியாதை.

அன்செல்மோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டான். ஊரே டெரெக் பக்கம் சேர்ந்துவிட்டது என்று நினைத்தான்.

டெரெக், அன்செல்மோவின் மனைவி ஹேசலின் அண்ணன். பாரின் ஓரத்தில், இவனுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

ஹேசல் கல்யாணம் செய்துகொண்டு சிலி நாட்டுக்குப் போனவள். அம்மா இறந்தபோது மூன்று விமானம் மாறி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. அவ்வளவு தூரத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவன் அன்செல்மோ. டெரெக்குக்கு அது போதும். அன்றிலிருந்து இருவரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த முறை ஹேசல் போய்க் கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கதவு திறக்கவில்லை.

நாளைக் காலையில் அவர்கள் கிளம்புகிறார்கள். இனி இந்த ஊருக்கு வரப்போவதில்லை என்று ஹேசல் சொல்லிவிட்டாள். டெரெக்கின் முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் சாப்பிட முடியாது என்று தங்கியிருந்த அறையிலேயே இருந்துவிட்டாள். ஒரு தடவை முயற்சி செய்து பார்க்கிறேன் என்று அன்செல்மோ மட்டும் வந்தான்.

அவன் எழுந்து கோட்டை எடுத்தான்.

பப்பை நடத்தும் பெவர்லி அதைப் பார்த்துவிட்டாள். பாருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். சண்டையை விலக்குவதற்குத் தவிர அவள் அப்படி வருவதில்லை.

"என்ன கண்ணு, சாப்பிடாமக் கிளம்பிட்டே?" எல்லோரும் அவளுக்குக் கண்ணுதான், பாதிரியார் உட்பட.

"யாரும் வரலியே. பரவால்ல, எனக்குப் புரியுது."

"ஒண்ணும் புரியல உனக்கு. ராஜாவே வந்து உக்காந்தாலும் இங்க யாரும் வரமாட்டாங்க. நீதான் வந்து கேக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அதோட, பம்புல உனக்கு ஒண்ணு இருக்கு. டெரெக் போட்டு வச்சிருக்கான்."

அவன் விழித்தான். அவள் விளக்கினாள்.

பீர் இருப்பது கீழே, நிலவறையில், பீப்பாய்க்குள். மேலே பாரில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால்தான் கிளாசுக்கு ஏறி வரும். நீ இல்லாதபோதும் உனக்கு ஒருத்தர் ஒன்று வாங்கி வைக்கலாம். அதை ஊற்றி வைத்தால் கெட்டுப்போகும். அதனால் ஊற்ற மாட்டோம். நீ வரும்வரை அது பம்பில் இருக்கும், உன் பெயரில்.

அன்செல்மோ கோட்டின் ஒரு கையை மாட்டியபடியே நேராக பாருக்குப் போனான். எல்லோர் முன்னாலும் டெரெக்கின் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப நன்றி, டெரெக். ஹேசல்கிட்ட சொல்றேன். அழுதுடுவா."



டெரெக்கின் காது சிவந்தது. வாயைத் திறந்தான். மாட்டிக்கொண்ட கையைப் பார்த்தான். பெவர்லியைப் பார்த்தான். அவள் அதற்குள் கைப்பிடியை இழுக்க ஆரம்பித்திருந்தாள். கிளாசில் ஏறும் பீரை விட்டு அவள் கண் நகரவில்லை.

"ம்," என்றான் டெரெக். கிளாசைப் பார்த்தபடி, "நுரை அடங்கட்டும். உடனே குடிக்காத," என்றான்.

பிறகு அரை அடி நகர்ந்து நின்றான். எங்கள் பாரில் அரை அடி என்றால் பெரிய இடம்.

"சாப்பாட்டையும் இப்பவே சொல்லிடு, ரோஸ்ட் தீரப்போகுது. கிரேவி ரெண்டு தடவ கேளு. இந்தம்மா இருமல் மருந்து மாதிரிதான் ஊத்தும்."

"உன் வாய்க்கு அதுவே ஜாஸ்தி," என்றாள் பெவர்லி.

அன்செல்மோ சாப்பாடு சொன்னான். ஒரு வாய் குடித்தான். ஹேசலைக் கூப்பிடுவதற்காக போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினான்.

கதவு சாத்தியதும் டெரெக் பாரின்மேல் குனிந்தான்.

"பெவ். நான் எப்ப அவனுக்கு ஒண்ணு போடச் சொன்னேன்?"

"சொல்லலியே," என்றாள் அவள், கிளாசைத் துடைத்தபடி.

டெரெக் ஜன்னலைப் பார்த்தான். வெளியே அன்செல்மோ, கோட்டின் மாட்டாத கை காற்றில் ஆட, போனில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான்.

வெகுநேரம் பார்த்தான்.

"அப்ப சரி," என்றான். "ஹேசலுக்கும் பம்புல ஒண்ணு இருக்கட்டும், நான் சொன்னதாவே."