பூட்டிய பெட்டி

"எல்லாத்தையும் இதுல வெச்சுருங்க சாமி," என்று ஏற்காட்டு விடுதிக்காரர் பெரியசாமி மரப்பெட்டியைத் திறந்தார்.

லோகேஷ் போன், ஸ்மார்ட் வாட்ச், பாதி படித்த விண்வெளி நாவல்கள் இருந்த டேப்லெட், கடைசியில் புது கேம் கன்சோல் என ஒவ்வொன்றாக, பிள்ளையை ஹாஸ்டலில் விடும் தகப்பன் முகத்தோடு வைத்தான். மூன்று நாள் எதையும் தொடக்கூடாது என்பது மனைவி திவ்யாவின் நிபந்தனை.

கன்சோலில் ஒரு டிராகன் இரண்டு மாதமாக அவனைப் பன்னிரண்டாம் லெவலைத் தாண்ட விடவில்லை.

"நொம்பக் கெட்ட வழக்கமுங்க. மனுசனைத் தின்னுபோடும்," என்று பெரியசாமி பூட்டினார். தினமும் காலை டிபனோடும் அதையே சொன்னார்.

மூன்றாம் நாள் திவ்யா பெரியசாமியிடம் கேட்டாள்: "ஏனுங்க, உங்க கண்ணு இப்படிச் செவந்திருக்குது?"

"இந்தப் பனி ஒத்துக்க மாட்டேங்குது அம்மணி."

கிளியூர் அருவி, காபித் தோட்டம் என்று சுற்றியதில் லோகேஷ் டிராகனை மறந்தே போனான்.

திரும்பும்போது திவ்யா கார் ஓட்ட, சும்மா கன்சோலைத் திறந்தவன் மூன்றாம் வளைவிலேயே கத்தினான்: "வண்டியைத் திருப்பு!"

"என்னாச்சுங்க?"

"பன்னண்டுல விட்டேன். இருபதுல நிக்குது. டிராகன் செத்துக் கிடக்குது!"

"அந்தப் பெரியவரா? நமக்குப் புத்தி சொல்லிட்டு!" திவ்யா கோபமாக வண்டியைத் திருப்பினாள். "நல்லா நாலு கேள்வி கேக்கலாம், வாங்க."

"நாலு வேண்டாம் திவ்யா," என்றான் லோகேஷ், கன்சோலை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எப்படிக் கொன்னாருன்னு மட்டும் கேட்டாப் போதும்."