கம்பியின் மேல் கட்டைவிரல்

ஒட்டு விட்டுப்போன சென்சார் கம்பியை ஆவுடையப்பன் கட்டைவிரலால் அழுத்தியிருக்கும்வரைதான் நீரிலுள்ள காற்றை அளக்கும் புதுப் பெட்டி சரியான எண்ணைக் காட்டியது. விரலை எடுத்தால் ஆயிரத்து இருபத்துமூன்றுக்குத் தாவியது. இறால் குளத்தில் காற்று நிறைந்திருக்கிறதென்று நம்பி, தண்ணீரை அடிக்கும் சக்கரங்களை நிறுத்தியது. உடனே இறால்கள் மேலே வந்து தவித்தன. டேப் சுற்றியும் கம்பி நிற்கவில்லை. சக்கரங்களைக் கையால் போடும் பழைய சுவிட்சையோ, பெட்டி மாட்ட வந்த எஞ்சினியர் காலையிலேயே பிடுங்கியிருந்தான்.

"விரலை எடுத்துராதீங்க பெரியவரே. டவுனுக்குப் போயி வேற போர்டு வாங்கியாந்துர்றேன்."

"பெட்டி மாட்டுனவன் எவன்டா திரும்பி வந்திருக்கான்? வண்டிச் சாவிய வச்சிட்டுப் போ."

"அப்புறம் நான் எதுல போறது?"

"நடந்து போ. வண்டி இங்க நின்னாத்தான் நீ வருவ."

எஞ்சினியர் சாவியை அவர் சட்டைப்பையில் போட்டுவிட்டு நடந்தான். டவுன் பதினாறு கிலோமீட்டர். அவன் கரையின் கோடியில் எறும்பளவு ஆனபோதுதான், அவன் நடந்து போய்த் திரும்பும்வரை தன் விரல் கம்பியில்தான் என்பது அவருக்கு உறைத்தது. கத்திக் கூப்பிட்டார். சக்கரங்களின் இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. விரலை எடுத்தால் கேட்கும்.