வெள்ளி உடுப்பு

"ராக்கெட்டுல மேலே போனவன் திரும்பி வர முடியாமப் போயிட்டா என்ன ஆவான்?" என்று மூன்றாவது வரிசையில் இருந்து ஒருவர் எழுந்து கேட்டார். அடுக்கம் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்.

அதுவரை கைதட்டிக்கொண்டிருந்த ஹால் அடங்கியது.

மேடையில் இருந்த பேராசிரியர் கொஞ்சம் யோசித்தார்.

"செத்துத்தான் போவான். ஆனா உடம்பு கெட்டுப் போகாது. போன மாதிரியே நம்மைச் சுத்திக்கிட்டு இருப்பான். ரொம்பத் தூரம்னுகூடச் சொல்ல முடியாது. நூறு, நூத்தியிருபது மைல். இங்கேயிருந்து திருச்சிக்குப் போற தூரம்தான்."

அப்போதுதான் இசபெல்லா அதைப் பார்த்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளிநிற உடுப்பின் கண்ணாடித் தலைக்குள், வாய் இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது.

அது மெல்லக் கலைந்தது. மறுபடி படிந்தது.

அந்த உடுப்பைத் தைத்தவள் அவள்தான். மூஞ்சிக்கல்லில் தையல் கடை வைத்திருந்தாள். ரஷ்யாக்காரன் ஒருவன் மேலே போய்த் திரும்பி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மதுரை இன்ஜினியர் சேனாதிபதிக்கு அன்று முதல் வேறு பேச்சே இல்லை. கோயம்புத்தூர் மில்காரர்கள், மோட்டார் கம்பெனிக்காரர்கள், ராக்கெட் பைத்தியம் பிடித்த காலேஜ் வாத்தியார்கள் என்று எழுபது பேரைக் கொடைக்கானலுக்கு வரவழைத்து, விண்வெளிப் பயணத்தின் எதிர்காலம் என்று இந்தக் கூட்டத்தைப் போட்டிருந்தார். பத்திரிகைப் படம் ஒன்றைக் காட்டி, இதுபோல ஓர் உடுப்பு வேண்டும், ஹாலுக்குள் நுழைகிறவர்கள் பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்று அவளிடம் கேட்டதும் அவர்தான்.

உள்ளே ஒரு மூங்கில் கழி. காலில் இருந்து கழுத்து வரைக்கும் காய்ந்த புல். கையுறைகளில் பஞ்சு. தலைக்கு, மீன் வளர்க்கும் கண்ணாடிக் குடத்தை, உள்ளே காலியாக இருப்பது தெரியாதபடி லேசாகப் புகையேற்றிக் கவிழ்த்திருந்தாள். எல்லாம் அவள் கையால் திணித்தது.

புல் சரியாகக் காயவில்லையோ என்று நினைத்தாள். ஈரப்புல் ஆவி விடும்.

ஆனால் விட்டு விட்டு விடாது.

அவள் தன் மூச்சை அடக்கிப் பார்த்தாள். கண்ணாடிக்குள் அது நிற்கவில்லை. நிதானமாக, மேடு ஏறி வந்த ஆள் உட்கார்ந்து ஆற்றிக்கொள்வதுபோல வந்து போனது.

சன்னல்களுக்கு வெளியே மூன்று மணி மூடுபனி வந்து மரங்களை எடுத்துக்கொண்டிருந்தது. இன்னும் இருபது வருஷத்தில் சந்திரனுக்கு டிக்கெட் விற்கலாம் என்று யாரோ மேடையில் சொல்ல, ஹால் சிரித்தது.

சேனாதிபதியும் பார்த்துவிட்டார். குனிந்தபடியே அவளிடம் வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஏம்மா, உள்ள ஆளை நிறுத்தியிருக்கியா? என்கிட்டச் சொல்லவே இல்லையே. காலையில இருந்து அசையாம நிக்கிறாரே. யாரு அது?"

பொய் சொல்லும் எண்ணம் இசபெல்லாவுக்கு இல்லை. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"எங்க வீட்டுக்காரவுகதாங்க," என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்குப் பயமாக இல்லை. அதுதான் ஆச்சரியமாக இருந்தது.

சேனாதிபதி மேடையேறி அறிவித்தார். உள்ளே இருப்பது தைத்த அம்மாவின் புருஷன், நாலு மணி நேரம் உடுப்புக்குள் மூச்சுப் பேச்சில்லாமல் நின்ற தைரியசாலி என்றார். எழுபது பேரும் எழுந்து கைதட்டினார்கள். பிறகு வரிசையாக வந்து அந்தக் கையுறையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

மில் முதலாளி பொன்னுச்சாமி குலுக்கிவிட்டுத் தன் விரல்களைத் தடவிக்கொண்டார்.

"கை ஐஸா இருக்கு. ஆனா பிடி நல்ல பிடி," என்று சிரித்தார்.

விரல்களுக்குள் பஞ்சைத் தளர்வாகத்தான் அடைத்திருந்தாள். நன்றாக நினைவிருக்கிறது.

"கழட்டி விடும்மா, பாவம். அவரும் ஒரு டீ குடிக்கட்டும்," என்றார் சேனாதிபதி.

இசபெல்லா கழுத்தருகே இருந்த கொக்கிகளில் கை வைத்தாள். மூன்று கொக்கி. முதலாவதை விரலால் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். கண்ணாடியில் ஆவி படிந்தது, கலைந்தது.

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க," என்றாள். "வெளிய குளிரு."

எல்லோரும் டீக்கு வராந்தாவுக்குப் போனார்கள். ஹால் காலியானது.

டம்ளர் பொறுக்க வந்த கித்தேரியம்மாள் மட்டும் போகவில்லை. இசபெல்லாவின் தெருக்காரி, ஒரே கோயிலுக்குப் போகிறவள். இன்ஜினியர் மேடையில் சொன்னது அவள் காதிலும் விழுந்திருந்தது. கையிலிருந்த தட்டைப் பெஞ்சின் மேல் வைத்தாள். கண்ணாடிப் பக்கம் திரும்பாமலே இசபெல்லாவைப் பார்த்தாள்.

"அந்த இன்ஜினியர்கிட்ட என்னத்தடி சொன்ன?"

இசபெல்லாவின் விரல் இன்னும் அந்த முதல் கொக்கியிலேயே இருந்தது.

சேனாதிபதி உடுப்புக்கு அளவு எதுவும் கொடுத்திருக்கவில்லை. அளவு நோட்டில் மரியஅந்தோணியின் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டுதான் அவள் துணியை வெட்டினாள். அவளுடைய புருஷன். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வெள்ளகவி கிராமத்துக்கு இறங்கும் பாதையில், கூட வந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூடுபனிக்குள் நடந்து போனவன். பதினோரு நாள் தேடினார்கள். அவன் செருப்புகூடக் கிடைக்கவில்லை. இனிமேலும் காத்திருக்க வேண்டாம், செத்தவனுக்கு ஆக வேண்டியதைச் செய்துவிடலாம் என்று பங்குச் சாமியார் எத்தனையோ முறை சொல்லி, போன வாரம்தான் அவள் தலையாட்டியிருந்தாள்.

கொக்கியில் இருந்து அவள் விரலை எடுத்தாள்.

"அக்கா, போற வழியில சாமியைப் பாத்து ஒரு வார்த்தை சொல்லிருங்க," என்றாள். "நாளைக்கு அவுகளுக்கு வைக்கச் சொன்ன துக்கப் பூசை வேண்டாம்."