மாடி அறை வேலை

“டாக்டரம்மா வந்துட்டாங்க. நாற்காலியை நல்லாத் துடைச்சுப் போடுங்கப்பா. ஏசி இல்லாத வீடு, என்ன சொல்லுவாங்களோ.”

செருப்பைக் கழற்றுவதற்குள் பெரியப்பா ஆரம்பித்துவிட்டார். அவள் மனநலம் படித்தவள், டாக்டர் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் அப்படிக் கூப்பிடுவார்.

பின்னாலேயே அவள் அம்மா வந்தாள், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

விஷயம் இதுதான். படித்து முடித்த கையோடு அவளுக்கு இரண்டு வேலை வந்தது. இரண்டுமே மனசு ஒடிந்துபோன இளசுகளைப் பார்க்கிற வேலை.

ஒன்று, கடைவீதியில் ஆறு மாடிக் கண்ணாடிக் கட்டடம். மெத்து மெத்தென்று சோபா, தொட்டிச் செடி, சுவரெல்லாம் சிரிக்கிற முகம். அழ வருகிற பிள்ளை முதலில் ஒரு பேக்கேஜைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பா, அம்மா இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கப்புறம்தான் அழலாம்.

இன்னொன்று, பொது நூலகத்துக்கு மேலே ஒரே ஒரு அறை. தொட்டால் சுண்ணாம்பு உதிரும். ஆனால் எந்தப் பிள்ளையும் நேராகப் படியேறி வரலாம். வீட்டுக் கையெழுத்து வேண்டாம், பேர்கூடச் சொல்ல வேண்டாம். உட்கார்ந்து கேட்பதற்கு ஒரே ஒரு ஆள். அந்த இடத்துக்குத்தான் இவளைக் கூப்பிட்டிருந்தார்கள்.

“எனக்கு மாடி அறைதான்” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். போன மாதம் ஒரு சாயங்காலம் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வரப் போனாள். திரும்பி வந்தவள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மறுநாளே போய்க் கண்ணாடிக் கட்டடத்தில் சேர்ந்துவிட்டாள்.

“சுண்ணாம்பு உதிர்ந்ததைப் பார்த்ததும் சேவையும் சேர்ந்து உதிர்ந்துடுச்சு” என்றார் பெரியப்பா, சாப்பாட்டு மேஜையில்.

“சாப்பிடற நேரத்துல விடுங்களேன்” என்றாள் பெரியம்மா.

“ஏன் விடணும்? இதே மேஜையில உட்கார்ந்துதானே எனக்கு லெக்சர் அடிச்சா? வீட்ல சொல்ல முடியாத பிள்ளைங்க எங்க போகும் பெரியப்பா, அதுங்களுக்குன்னு ஒருத்தராவது உட்காரணும்ல பெரியப்பான்னு. இப்ப அந்தப் பிள்ளைங்க எங்கம்மா போகும்?”

அவள் தம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். “வேற ஆள் போட்டுட்டாங்க பெரியப்பா.”

“ஏமாந்தவ எவளாவது மாட்டியிருப்பா.”

அம்மாவுக்கும் அடக்க முடியவில்லை. “அந்த மாடி அறைக்குப் பொறுப்பா இருக்கற அம்மா எனக்கு ஃபோன் பண்ணாங்க. ‘உங்க பொண்ணை நம்பித்தான் வேற யாரையும் பார்க்காம இருந்தேன்’னாங்க. முகத்தை எங்க வெச்சுக்கறதுன்னே தெரியல. ஏன்டி இப்படிப் பண்ணேன்னு கேட்டா, வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி இருக்கா.”

“இதுல காரணம் என்ன வேண்டிக் கிடக்கு? சோபாதான் காரணம்” என்றார் பெரியப்பா. “சரி, அங்க உனக்கு என்னதான் வேலை?”

“ஃபோன்ல எல்லாருக்கும் காலையில போற மாதிரி தினம் ஒரு நல்ல வார்த்தை எழுதணும்.”

“அவ்வளவுதானா?”

“இப்போதைக்கு அவ்வளவுதான்.”

“ஆறு வருஷம் படிச்சது குட்மார்னிங் அனுப்பறதுக்கா? அதை எங்க ஆபீஸ் வாட்ச்மேன் சும்மாவே அனுப்பறானே.”

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிரித்த சிரிப்பில் புரையேறி, பெரியம்மா எழுந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் மட்டும் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

இருமல் நின்றதும் பெரியப்பா விட்ட இடத்தில் பிடித்தார்.

“என்னைக் கேட்டா ரெண்டுமே ஒரு வேலையே இல்ல. மனசு சரியில்லையாம், மனசு. எல்லாம் சாப்பாட்டுக் கொழுப்பு. இதோ, நம்ம வீட்லயும் பதினேழு வயசுல ஒண்ணு இருக்கு. ஒரு தொந்தரவு உண்டா? நாம கேட்டாத்தான் பதிலே வரும். வளர்க்கற விதத்துல வளர்க்கணும். என்னம்மா, நான் சொல்றது சரிதானே?”

“சரிப்பா” என்றாள் அவர் மகள்.

“பாத்துக்கோ” என்று இவளைப் பார்த்துக் கையைக் காட்டினார், பாடம் முடிந்தது என்பதுபோல.

கிளம்பும்போது அம்மா வழக்கம்போல உள்ளே பெரியம்மாவிடம் பேச்சில் மாட்டிக்கொண்டாள். அவள் மட்டும் வெளியே வந்து நின்றாள். வழியனுப்புகிற சாக்கில் பெரியப்பா மகள் கேட் வரைக்கும் வந்தாள்.

“அக்கா.”

“ம்.”

“மாடி அறைக்கு வந்திருக்கற புது ஆள், நமக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்ல. வெளியூர்க்காரங்க. நம்ம சொந்தத்துல ஒருத்தரையும் அவங்களுக்குத் தெரியாது. நல்லா விசாரிச்சுட்டேன்.”

சின்னவள் கேட்டின் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள்.

“அன்னிக்கு நீ படியேறி வந்ததைப் பார்த்ததும் பயந்துபோய் உன்னைத் தாண்டிக்கிட்டு ஓடிட்டேன்க்கா. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே போகல. அங்க பேருக்குப் பதிலா ஒரு நம்பர் குடுப்பாங்க. எனக்கு நாப்பத்தேழு.” அவள் குரல் இறங்கியது. “இத்தனை நாளா போகலைன்னா, அதை வேற யாருக்காவது குடுத்துடுவாங்களா?”

“மாட்டாங்க.”

“அப்ப வர்ற செவ்வாய்க்கிழமை போகட்டுமாக்கா?”

“நீ எங்க போறேன்னு என்கிட்ட எதுக்கு சொல்றே?” என்று அவள் தாழ்ப்பாளை விலக்கிக்கொண்டு வெளியே இறங்கினாள். “நான்தான் அங்க இல்லையே.”