தூங்கிய டிரைவர்

காலை எட்டே முக்கால். பேருந்தில் நாற்பத்திரண்டு பேர். ‘சடன் பிரேக்’ என்று பட்டப்பெயர் கொண்ட ஓட்டுநர் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

பேருந்து அது பாட்டுக்கு ஓடியது. வளைவில் வளைந்தது. சிக்னலில் நின்றது.

முதலில் பார்த்தது மூன்றாவது சீட் டீச்சர்.

“ஐயோ, டிரைவர் தூங்குறாரு!”

பேருந்தே அலறியது. ஒருவர் ஜன்னல் வழியே ஒரு காலை வெளியே போட்டுவிட்டார். டீச்சர் ஓடிப்போய் ஓட்டுநரின் சட்டைக் காலரைப் பிடித்து உலுக்கினார். அடுத்த நிறுத்தம் பணிமனை. பிடித்த காலரை விடாமலே மேலாளர் அறைக்குள் இழுத்து வந்தார்.

“நாற்பத்திரண்டு உயிர், சார்! இவருக்கு என்ன தண்டனை?”

“இன்னையோட வீட்டுக்கு அனுப்பிடறேன், மேடம்.”

அன்று காலைதான் சடன் பிரேக்கிடம் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்: “சும்மா உட்கார்றதுக்குச் சம்பளம் தர்றாங்க. அதையாவது ஒழுங்கா செய்யுங்க.”

“சார், நான் உண்மையைச் சொல்லிடறேன்...”

“வாயை மூடுய்யா!”

“வேலையே போகுது, இனி வாயை மூடி என்ன, திறந்து என்ன? மேடம், வண்டியை நான் ஓட்டலை. அதுவே ஓடுது. ஸ்டியரிங்குக்கு அடியில ஒண்ணுமே கிடையாது. ஆள் இல்லாத வண்டியில ஏற ஜனங்க பயந்தாங்க, அதனால என்னை உட்கார வெச்சாங்க. வளைவு வந்தா திருப்பற மாதிரி திருப்பணும், குறுக்கே வர்றவனைத் திட்டணும், அப்பப்போ பெருமூச்சு விடணும். இவ்வளவுதான் என் வேலை. உழைச்சுக் களைச்சவனுக்கு ராத்திரி தூக்கம் வரும். சும்மா இருந்து களைச்சவனுக்குப் பகல்லயே வருது.”

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

டீச்சர் அதிரவில்லை. காலரை விட்டுவிட்டுப் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“இது தெரியாமலா இருக்கேன்? நீங்க இடது பக்கம் திருப்பறீங்க, வண்டி வலது பக்கம் போகுது. முதல் வாரமே பார்த்துட்டேன்.”

“அப்புறம் எதுக்கு மேடம் அப்படிக் கத்தினீங்க?”

“நீங்க தூங்கியும் வண்டி நல்லா ஓடுச்சே! அதை யோசிச்சுப் பார்க்க ஜனங்களுக்கு நேரம் குடுக்கலாமா? பயந்தவன் யோசிக்க மாட்டான். அதான் கத்தினேன்.”

மேலாளருக்கு விளங்கவில்லை. “யோசிச்சா உங்களுக்கு என்ன, மேடம்?”

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். “என் கிளாஸ்ல பாடம் நடத்துறது மெஷின், சார். கேள்வி கேட்கறதும் அது, திருத்தறதும் அது. பெத்தவங்க பயப்படக் கூடாதுன்னு என் கையில சாக்பீஸைக் குடுத்து ஓரமா நிக்க வெச்சிருக்காங்க. இந்த பஸ்ல வர்றவங்க பிள்ளைங்க பாதிப் பேரு எங்க ஸ்கூல்தான். பஸ்ஸுக்கு டிரைவர் எதுக்குன்னு இன்னைக்குக் கேட்டா, கிளாஸுக்கு டீச்சர் எதுக்குன்னு நாளைக்குக் கேட்க மாட்டாங்களா? இவருக்கு என்ன தண்டனை வேணும்னாலும் குடுங்க. வேலையை விட்டு மட்டும் எடுத்துடாதீங்க. அந்த சீட் காலியா போகக் கூடாது.”

பிறகு சடன் பிரேக் பக்கம் திரும்பினார்.

“நானும்தானே அண்ணே சும்மா நிக்கிறேன்? ஒரு நாள் கொட்டாவி விட்டிருப்பேனா? முகத்துல ஒரு கவலை இருக்கணும். நாம இல்லைன்னா எல்லாம் கவுந்துடும்ங்கற மாதிரி. அதுக்கெல்லாம் பழக்கம் வேணும்.”

மேலாளர் நிமிர்ந்தார். “அதை எங்க ஆளுங்களுக்குச் சொல்லித் தர முடியுமா, மேடம்?”

செப்டம்பர் மூன்றாம் தேதி, பணிமனையில் எல்லா ஓட்டுநர்களுக்கும் விழித்தபடி உட்காரும் பயிற்சி தொடங்கியது. ஆறு வருடத்தில் டீச்சர் தன் வாயால் நடத்திய முதல் பாடம் அது.